பை தூக்க ஓர் ஆள்

ஸ்காட்லாந்தின் கடலோரக் கோல்ஃப் திடல்களின் எந்தப் படத்தைப் பயண முகவர் வாணி காட்டினாலும், டத்தோ பட்டம் பெற்ற யுகேந்திரன், முப்பது வருடமாகத் தன் கோல்ஃப் பையைத் தூக்கிய அங்கமுத்துவையே யோசனைக்காகப் பார்த்தார்.

“இங்கதான் காத்து பலமா அடிக்கும். பந்தைத் தாழ்வா அடிக்கணும். இதையே போடும்மா,” என்றார் அங்கமுத்து.

அந்தக் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் பயண அலுவலகத்தில் அவர் சொன்னதே முடிவானது.

“அங்க வண்டி கிடையாது, டத்தோ. முழுக்க நடக்கணும். பை தூக்க ஆள் போடவா?” என்று கேட்டாள் வாணி.

“வேணாம்லா. ஆள் இருக்கு.”

அங்கமுத்துவின் நரைத்த தலையைப் பார்த்த வாணிக்குச் சுருக்கென்றது. இந்த வயதிலுமா?

டத்தோ முன்பதிவுப் பாரத்தை நிரப்பி நீட்டினார்.

ஆடுபவர்: அங்கமுத்து. பை தூக்குபவர்: யுகேந்திரன்.

வாணி நிமிர்ந்தாள்.

“நான் ஜெயிச்ச கப்பெல்லாம் அவரு சொல்லி அடிச்சதும்மா. ஒரு மாசமா பையோட பத்துமலை முருகன் கோயில் படி ஏறிப் பழகுறேன்!” என்றார் டத்தோ.