கண் சிமிட்டிய பிணம்

“எட்டரை மணிக்கு இந்த வீட்டுல யாரும் சண்டை போடக்கூடாது, போட்டா...” என்று பெரியப்பா ஏதோ சொல்வார். மிச்சம் யாட்சனுக்கு மறந்துவிட்டது. எட்டரை மணி டிவி நாடகம் மட்டும் மறக்கவில்லை.

வான்கூவரில் இருபத்திரண்டு வருடம் இருந்துவிட்டு ஹாங்காங் திரும்பி நாலு வருடமாகிறது. இந்த ஒரு வருடத்தில் மட்டும் முப்பத்தொரு கான்டனீஸ் நாடகங்களைப் பார்த்துத் தீர்த்திருந்தான். வருடக் கடைசியில், இணையத்தில் அவன் நடத்தும் ரசிகர் பக்கத்தில் வரும் பட்டியலுக்கு ஒரு கூட்டமே காத்திருக்கும். இன்று மாலை ஆறு மணிக்கு வெளியீடு.

மூய் அக்காவின் டீக்கடையில் உட்கார்ந்து, வந்து விழும் கடைசி ஓட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“சிறந்த நாடகம் ‘உப்புத் துறைமுகம்’தானே?” பால் டீயை வைத்தபடி மூய் அக்கா கேட்டாள்.

“அது மூணாவதுக்கா.”

“மூணாவதா? கடைசி எபிசோடுக்குக் கடையை அப்படியே விட்டுட்டு உட்கார்ந்து அழுதேன். உனக்கு இனிமே சர்க்கரை கிடையாது.”

“ஜனங்க போட்ட ஓட்டு, நான் என்ன பண்ண? இதைப் பாருங்க. சொதப்பல் பிரிவு. பதினோராயிரம் ஓட்டு. சிறந்த கதாநாயகிக்குக்கூட இவ்வளவு விழலை.”

போனை நீட்டினான். போலீஸ் நாடகம், பத்தொன்பதாம் எபிசோடு. சவக்கிடங்கு. இன்ஸ்பெக்டரின் குரல் தழுதழுக்கிறது. மேசையில் கிடக்கும் பிணம் கண் சிமிட்டுகிறது. ஒரு முறை அல்ல, இரண்டு முறை.

மூய் அக்கா சிரித்துச் சிரித்து மேசையைப் பிடித்துக்கொண்டாள். “அவன் அழுறதைப் பார்த்துப் பிணத்துக்கே தாங்கலை.”

“இங்கே யாட்சன் யாருங்க?”

வாசலில் தொப்பி வைத்த ஒரு பெரியவர். யாட்சன் அவரைப் பார்த்தான். போனைப் பார்த்தான். மறுபடி அவரைப் பார்த்தான்.

“அக்கா, பிணம்.”

பெயர் குவான் என்றார். இருபத்தாறு வருடமாகத் துணை நடிகர். யாட்சனுக்குத் தலைகால் புரியவில்லை.

“அண்ணே, வான்கூவர்ல ரெண்டு வாரம் கழிச்சு வர்ற கேசட்ல பார்த்த முகம் உங்களோடது. காவல்காரர், டாக்டர், கப்பல் சமையல்காரர். இந்த வருஷம் மட்டும் ஆறு நாடகத்துல செத்திருக்கீங்க. ஒரு போட்டோ எடுத்துக்கலாமா?”

“போட்டோ இருக்கட்டும், தம்பி. அந்தச் சொதப்பல்லேருந்து என்னை எடுத்துடுங்க.”

“சும்மா வேடிக்கைதானே, அண்ணே.”

“ஆள் அனுப்புற ஏஜென்ட், ‘நீ அதுல ஜெயிச்சா இனிமே கூப்பிட மாட்டேன்’னுட்டான். இந்த வயசுல எனக்குக் கிடைக்கிறதே பிணம்தான்.”

“ஒருத்தருக்காக மாத்தினா மத்த முடிவையும் யாரும் நம்ப மாட்டாங்க. அதோட, இத்தனை வருஷ அனுபவம் இருக்கு. பத்து விநாடி கண்ணை மூடிட்டு இருக்கறது அவ்வளவு கஷ்டமா?”

குவான் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார். “தூசி விழுந்துடுச்சு.”

“பிணமா படுத்தவங்களுக்குத் தோஷம் கழிய சிவப்பு உறை குடுப்பாங்களே, அதையாவது குடுத்தாங்களா?” என்றாள் மூய் அக்கா.

“குடுத்தாங்கம்மா.” டீ வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

யாட்சனுக்கு ஒரு யோசனை உதித்தது. குவானின் ஆறு சாவுகளையும் வரிசையாக ஒட்டி ஒரு வீடியோ போட்டால்? ஆர்வத்தில் விரல் பரபரக்க, ஒவ்வொன்றாகத் தேடி எடுத்தான்.

முதல் நாடகம். மாடிப்படியில், தூரத்தில் கிடக்கும் பிணம். இரண்டு சிமிட்டல்.

அடுத்தது. மழையில், நாலு பிணங்களோடு ஐந்தாவதாக. இரண்டு சிமிட்டல்.

எல்லாவற்றிலும் அப்படித்தான். நாடகப் பைத்தியமான அவனே கவனிக்கவில்லை.

எழுந்து ஓடினான். குவான் பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்தார்.

“அண்ணே, ஆறு தடவையும் தூசியா?”

குவான் தூரத்தில் வரும் பஸ்ஸைப் பார்த்தார். அவருடைய பஸ் இல்லை.

“அம்மாவுக்கு எண்பத்தெட்டு. முதியோர் இல்லத்துல இருக்காங்க. ஞாபகம் சரியில்லை. போன வருஷம் ஒரு நாடகத்துல என்னைக் குத்திப் போட்டதைப் பார்த்துட்டு ரெண்டு நாள் சாப்பிடலை. நேர்ல போய் நின்னேன். ‘நீ யாரு, என் பையன் டிவியில செத்துட்டான்’னாங்க.”

யாட்சன் போனைப் பையில் போட்டான்.

“அப்புறம் பேசி வெச்சுக்கிட்டோம். நான் செத்தா ரெண்டு தடவை கண் சிமிட்டுவேன், உயிரோடதான் இருக்கேன்னு அர்த்தம். எல்லாம் மறக்குது, அது மட்டும் மறக்கறதில்லை. பார்த்துட்டுக் கை தட்டுவாங்களாம். அப்புறம் சாப்பிடுவாங்களாம்.”

“இவ்வளவு நாள் யாருக்கும் தெரியலையே?”

“எப்பவும் ஓரமாத்தானே கிடப்பேன். இருபத்தாறு வருஷத்துல இப்பத்தான் முதல் தடவையா குளோசப் வெச்சாங்க.”

யாட்சனுக்கு ஆர்வம் தாங்கவில்லை. “அண்ணே, இதை நான் எழுதறேன். ஊரே உங்களைத் தலையில தூக்கி வெச்சு ஆடும், பாருங்க.”

“எழுதினா, அப்புறம் எல்லாரும் என் கண்ணையே பார்ப்பாங்க. எந்த டைரக்டர் என்னைச் சிமிட்ட விடுவான்?” அவருடைய பஸ் வந்து நின்றது. “வர்ற வியாழக்கிழமை மறுபடியும் சாகறேன், தம்பி. அம்மா பார்ப்பாங்க.”

ஏறிக்கொண்டார்.

மாலை ஆறு மணிக்கு யாட்சன் பட்டியலை வெளியிட்டான். சொதப்பல் பிரிவை எடுத்துவிட்டிருந்தான். காரணம் எழுதவில்லை.