ஹோப்பா, விஷ்ஷா

“நடக்கும்னு நம்புறதுக்கு ஹோப். நடக்காதுன்னு தெரிஞ்சும் ஆசைப்படுறதுக்கு விஷ். ஆளுக்கு ஒரு வாக்கியம் எழுதிக் காட்டுங்க” என்றாள் வசுந்தரா.

ஆரப்பாளையத்தில் மாடியில் நடக்கும் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு அது. ஞாயிற்றுக்கிழமை விழாவில் தான் சர்டிபிகேட் வாங்குவதை அப்பா பார்க்க வேண்டும் என்று தேவிகா ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள். அதில் விஷ் என்று போட்டிருந்ததை வசுந்தரா சிவப்பு மையால் சுழித்தாள்.

“இங்க ஹோப் வரணும். அப்பா விழாவுக்கு வருவாருல்ல?”

“வருவாரு மேடம்.”

“வராம இருப்பாரா? இருபத்திரண்டு வயசுப் பொண்ணக் கையப் பிடிச்சு மாடி வரைக்கும் கூட்டிட்டு வாராரு. முடியிற வரைக்கும் படியிலயே உக்காந்திருக்காரு. இம்புட்டுக் காவல் ஆகாதும்மா. நான் வேணா அவர்கிட்டப் பேசுறேன்.”

தேவிகா குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“அவரு என்னையக் கூட்டிட்டு வரல மேடம். நாந்தான் அவரக் கூட்டிட்டு வாரேன். சுகர்ல கண்ணு போயி ரெண்டு வருசமாச்சு. வீட்ல தனியா இருந்தா மருகிக்கிட்டே இருப்பாரு. இங்கன்னா நீங்க நடத்துறதக் கேட்டுக்கிட்டு இருப்பாரு.”

வசுந்தரா சுழித்ததை அடித்துவிட்டு, விஷ்ஷுக்குப் பக்கத்தில் டிக் போட்டாள்.

வகுப்பு முடிந்ததும் வாசலில் வந்து நின்றாள். அப்பாவும் மகளும் கைபிடித்தபடி இறங்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு படி முன்னால் இறங்கிய தேவிகா, “இன்னும் மூணு படிதாம்ப்பா” என்றாள்.

ஆறு மாதமாக வசுந்தரா இதைத் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.