மகன் வீட்டில் இல்லை

வெள்ளை வான் ஒன்று வாசலில் நின்றதுமே இரத்தினம்மா மகனைப் பின்பக்க வாழைத்தோட்டத்துக்குள் தள்ளிவிட்டாள். அவன் கை நடுங்கியது. பிள்ளை பயந்துவிட்டான்.

படலையைத் திறந்தாள்.

"சிவகரன் நிக்கிறாரோ?" இறங்கியவன் கேட்டான்.

"மகன் வீட்டிலை இல்லை." சண்டைக் காலத்தில் பழகிய பதில், யோசிக்காமலே வாயில் வந்தது.

"போன கிழமை ஆபிரிக்காவிலை இருந்து வந்தவராம். நாங்கள் மலேரியாத் தடுப்புப் பகுதி, அம்மா. ஒரு துளி இரத்தம்தான் எடுக்கவேணும்."

அந்த நாளில் அவளுடைய தமையனையும் இப்படியொரு வெள்ளை வானில், சின்னதொரு விசாரணை என்றுதான் கூட்டிப் போனார்கள். ஆள் திரும்பவேயில்லை.

"அவன் கொழும்புக்குப் போட்டான்."

வான் நகர்ந்ததும் தோட்டத்துக்கு ஓடினாள். ஏஜென்சிக்காரனை நம்பி ஐரோப்பாவுக்கென்று புறப்பட்டு, ஆபிரிக்கா வரை மட்டும் போய்த் திரும்பிய மகன், உச்சி வெயிலில் சாக்கைப் போர்த்திக்கொண்டு வெடவெடத்தான்.

"பயப்பிடாதை ராசா, அவையள் போயிட்டினம்."

"பயமில்லை அம்மா... குளிருது. முந்தநாள் தொட்டு விட்டு விட்டுக் காய்ச்சல். நீங்கள் ஏங்குவியள் எண்டு சொல்லேல்லை."

இரத்தினம்மா தெருவுக்குப் பாய்ந்தாள். வான் ஒழுங்கை முடக்கில் திரும்பிக்கொண்டிருந்தது. வாழ்நாளில் ஒருபோதும் சொல்லாததைத் தொண்டை கிழியக் கத்தினாள்:

"தம்பி, நில்லுங்கோ! என்ரை பிள்ளை வீட்டிலைதான் நிக்கிறான்!"