முப்பத்தோராவது நாற்காலி

1978-இல் கார்த்திகை தீபம் முடிந்த மறுவாரம், திருவண்ணாமலைத் தேரடிக்குப் பக்கத்திலிருந்த நூலகத்துக்குத் தலைமை நூலகராக மாற்றலாகி வந்தாள் மெஹ்ருன்னிசா. பொறுப்பேற்கும்போது சாமான்களை எண்ணிப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். பதிவேட்டின்படி நாற்காலிகள் முப்பது. ஒவ்வொன்றின் அடியிலும் வெள்ளை பெயின்டில் நம்பர் எழுதியிருந்தது. தலைமை நூலகர் உட்காருவது ஒன்றாம் நம்பர்.

எண்ணினால் முப்பத்தொன்று வந்தது. சுவரோரம் கிடந்த ஒன்றுக்கு மட்டும் நம்பர் இல்லை.

"அத மட்டும் உட்டுடுங்கம்மா," என்றார் உதவியாளர் கண்ணாயிரம். "முன்ன இருந்த சார் பதினோரு வருஷமா அத கணக்குலயே சேக்கல."

"என் பொறுப்புல கணக்குக்கு வராத சாமான் எதுவும் இருக்கக் கூடாது. முப்பத்தொண்ணுன்னு நம்பர் போடுங்க."

கண்ணாயிரம் பிரஷ்ஷை எடுத்தார். அவள் பதிவேட்டைத் திருத்திக் கையெழுத்திட்டாள்.

மறுநாள் பத்தரை மணிக்கு வழக்கம்போல அவர் டீ வாங்கி வந்தார். அவள் மேஜையைத் தாண்டிப் போய், சுவரோர நாற்காலிக்கு முன்னால் டம்ளரை வைத்தார்.

"ஆறிடப் போவுது, குடிச்சிடுங்கம்மா," என்றார் அந்த நாற்காலியைப் பார்த்து.

"கண்ணாயிரம்! நான் இங்க இருக்கேன்."

அவர் திரும்பவில்லை.

மெஹ்ருன்னிசா எழுந்து தன் நாற்காலியைக் கவிழ்த்தாள். அடியில் 31 என்றிருந்தது. பெயின்ட் இன்னும் காயவில்லை. சுவரோரத்தில் யாரோ நிதானமாக டீயை உறிஞ்சும் சத்தம் கேட்டது.