பத்து கழிக்க வேண்டும்

முப்பத்து மூன்று.

பூவராகவன் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு டேப்பை இன்னொரு தரம் பார்த்தார். சாட்சாத் முப்பத்து மூன்று சென்டிமீட்டரேதான். மனுஷருக்கு வாயெல்லாம் பல்.

சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு தறி வீட்டின் ஜன்னலுக்கு வெளியே, உச்சி வெயிலில் நின்றுகொண்டிருந்தார். உள்ளே தறி போட்டிருந்த அறையில் டேப்பின் முனையைச் சுவரோடு சேர்த்துப் பிடித்திருந்தாள் அவருடைய மாணவி ஜோதிகா. வெளி வெயிலுக்கு அந்த அறை ஒரே இருட்டாகத் தெரிந்தது. கம்பிகளுக்கு நடுவே அவள் விரல்கள் மட்டும் தெரிந்தன.

சுவரின் கனம் முப்பதுக்குக் குறையாமல் இருந்தால் மேலே மாடி எடுக்கலாம். குறைந்தால் பேச்சே இல்லை.

வீட்டுக்கார அம்மாள் மஹாலட்சுமி, மகன் கல்யாணத்துக்குள் மாடி வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். அவள் நாள் பூராவும் உட்கார்ந்து நெய்வது இந்த அறையில்தான். இப்போது காபி போட அடுக்களைக்குப் போயிருந்தாள்.

பூவராகவனுக்கும் இந்த மாடி வேண்டும். ஐந்து வருஷமாகக் கல்லூரியில் டிசைன் வகுப்பு எடுப்பதோடு சரி. வெளியே ஒரு செங்கல்கூட வைக்கவில்லை. எதையுமே கட்டாத ஆர்க்கிடெக்ட் நடத்தும் பாடத்தைப் பிள்ளைகள் எத்தனை நாளைக்குக் கேட்பார்கள்? அந்த நினைப்பு அவரை உள்ளுக்குள் தின்றுகொண்டிருந்தது.

நோட்டில் எழுதப் பேனாவை எடுத்தார்.

“பத்து கழிச்சிடுங்க சார். பத்துலதான் புடிச்சிக்கினு இருக்கேன்,” என்று உள்ளேயிருந்து கத்தினாள் ஜோதிகா.

பேனா அப்படியே நின்றது.

டேப்பின் முனை உடைந்துபோனால், பத்தாவது சென்டிமீட்டரைச் சுவரில் வைத்துப் பிடிப்பார்கள். அந்தப்பக்கம் படிக்கிறவர் பத்தைக் கழித்துக்கொண்டு எழுத வேண்டும். இந்தத் தொழிலில் எல்லாரும் செய்கிற காரியம்தான். கழிக்காமல் விட்டுவிடுவதும் நடக்கிறதுதான்.

ஐந்து வருஷத்துக்கு முன்னால் ஐயம்பேட்டையில் அதுதான் நடந்தது. இருபத்து மூன்று சென்டிமீட்டர் சுவரை முப்பத்து மூன்று என்று எழுதி, அதன் மேல் ஒரு தளத்தை ஏற்றினார் பூவராகவன். சுவர் சரிந்தது. விசாரணையில், முனையைப் பிடித்திருந்த தன் மாணவன் அஜித் பத்து கழிக்கச் சொல்லவே இல்லை என்றார். அஜித் மறுத்துப் பேசவில்லை. அத்தோடு கோப்பை மூடிவிட்டார்கள்.

கையிலிருந்த டேப்பைத் திருப்பிப் பார்த்தார். அன்றைக்கு எடுத்துப்போன அதே டேப். அப்புறம் பையைவிட்டு எடுத்ததே இல்லை. முனை உடைந்தது அவருக்குச் சுத்தமாக மறந்துபோயிருந்தது.

முப்பத்து மூன்று என்றே எழுதிவிட்டால்தான் என்ன? இவள் முதல் வருஷப் பெண். இவளுக்கு என்ன தெரியப்போகிறது?

அப்போதுதான் உறைத்தது. இவளுக்குப் பத்தில் பிடிக்கும் வழக்கத்தை அவர் சொல்லித் தரவே இல்லை. ஐயம்பேட்டைக்குப் பிறகு எந்த மாணவருக்கும் சொல்லித் தர அவருக்கு மனசு வந்ததில்லை.

“பத்துல புடிக்கணும்னு உனக்கு யாரும்மா சொன்னது?”

“உங்ககூட வந்த அண்ணன்தான் சார். தோ, பக்கத்துலயே நின்னுக்கினு இருக்காரே.”

காஞ்சிபுரத்துக்கு அவர்கள் இரண்டு பேர்தான் பஸ் ஏறினார்கள். இந்த வீட்டில் இந்நேரத்துக்கு வேறு ஆண்பிள்ளை யாரும் கிடையாது.

பூவராகவன் ஜன்னலுக்குள் பார்க்கவில்லை. பார்க்கப் பயமாக இருந்தது. அப்படியே குந்தி, நோட்டை முழங்காலில் வைத்து, இருபத்து மூன்று என்று எழுதினார். மாடி போயிற்று. போகட்டும்.

விசாரணையில் மறுத்துப் பேச அஜித் அங்கே இல்லை. ஐயம்பேட்டையில் சுவரோடு போன ஒரே உயிர் அவனுடையதுதான்.

“எழுதிட்டீங்களான்னு கேக்கறாரு சார்,” என்றாள் ஜோதிகா. “போன தடவ மெதுவா சொல்லிட்டாராம். உங்க காதுல விழலையாம். தப்பு தன்னுதுதான்னு சொல்றாரு. அதான் என்னை சத்தமா சொல்லச் சொன்னாரு.”

ஐயம்பேட்டையில் அவன் சொன்னது பூவராகவன் காதில் நன்றாகவே விழுந்திருந்தது.