பிழை பிடிக்கும் கம்ப்யூட்டர்

ஜவ்வாது மலைச் சாமை ஆராய்ச்சி நிலையத்துக்கு, 1988இல் ஒரு கம்ப்யூட்டர் வந்து இறங்கியது. ஆங்கிலத்தில் எழுத்துப்பிழை இருந்தால் அதுவே காட்டிவிடுமாம்.

"இனிமே லெட்டரை நானே அடிச்சுக்கிறேன். உனக்கு வேலூருக்கு மாத்தல் போட்டுடறேன்மா," என்றார் அதிகாரி கண்ணாயிரம்.

டைப்பிஸ்ட் மதலேனாளுக்கு வேலூர் போக விருப்பமில்லை. பிள்ளைகள் இங்கேதான் படிக்கிறார்கள்.

கண்ணாயிரம் கம்ப்யூட்டரில் முதல் கடிதத்தைத் தானே அடித்து முடித்தார். அரைப் பக்கத்தில் இருபத்தேழு பிழை என்றது கம்ப்யூட்டர்.

"இன்னாம்மா இது? பத்து வருசமா என் லெட்டர்ல ஒரு தப்பு வந்ததில்ல. மிஷின்லதான் கோளாறு. திருப்பி அனுப்பிட்டு நீயே அடி."

"சரிங்க சார்."

அவர் கையால் எழுதித் தந்த அடுத்த கடிதத்தை வாங்கிய மதலேனாள், பத்து வருடமாகச் செய்வதுபோலவே, பிழைகளைச் சத்தமில்லாமல் திருத்தித் திருத்தி டைப் அடிக்க ஆரம்பித்தாள்.