உரசாத காசு

“கையை எடுங்க மொதலாளி. அட்டன் டவுன்ல ஒரு தடவ காட்டிட்டு வர்றோம்” என்றான் பழனியாண்டி.

சோமசுந்தரம் கையை எடுக்கவில்லை. கண்ணாடி மேசைமேல் கிடந்த காசு அவர் உள்ளங்கைக்குள் இருந்தது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த ரூபிகாவுக்கு அப்பாவைப் பார்க்கவே கூசியது. மஸ்கெலியாவில் பல நகைக்கடைகள் இருந்தாலும் ‘பழங்காசு மொதலாளி’ என்றால் அவர்தான். ராஜா தலை, ராணி தலை என்று பழைய தங்கக் காசுகளைத் தேடித்தேடிச் சேர்த்து இரும்புப் பெட்டியில் பூட்டி வைத்திருக்கிறார். அதற்காக, தாலி கழற்றி ஒரு மாதம்கூட ஆகாத பெண்ணிடமா?

ஜீவராணி மழையில் நனைந்த முந்தானையைப் பிழிந்தபடி நின்றாள். தாலியோடு கோத்திருந்த விக்டோரியா ராணிக் காசு அது. மாமியார் போட்டுவிட்டது.

“அவருக்கு ஒரு கல்லறை கட்டணுங்க. பேரு போட்டு. இல்லாட்டி இத விக்கவா வருவேன்?”

“அட்டன்ல என்ன தருவான்? அதுக்கு மேல நான் தர்றேன் தங்கச்சி.”

“பாத்தீங்களா அண்ணி, எப்படிப் பறக்குறாருன்னு!” என்றான் அவள் கொழுந்தன் பழனியாண்டி.

“சரி, வெலய நீயே சொல்லு.”

பழனியாண்டி வாய்க்கு வந்ததைச் சொன்னான். சோமசுந்தரம் மறுபேச்சில்லாமல் தலையாட்டினார். கேட்டவனுக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

“எங்க அண்ணன் மட்டும் உசிரோட இருந்திருந்தா, இந்தக் காசு உங்க கண்ணுல பட்டிருக்குமா மொதலாளி?”

அவர் பணத்தை எடுத்து வைத்தார்.

ஜீவராணிக்கு மனசு ஒப்பவில்லை. “உரசிப் பாத்து வாங்குங்க. நாளைக்கு ஒரு சொல்லு வரக் கூடாது.”

“பழங்காச உரசுனா கீறல் விழுந்துரும். அப்புறம் என்னய மாதிரி சேக்குறவனுக்கு அது ஆகாது. நீ போ தங்கச்சி, பஸ் வந்துரும்.”

அவர்கள் படியிறங்கியதும் ரூபிகா எழுந்து மேசைமேல் இருந்த காசை எடுத்தாள்.

“ஆசைக்கும் ஒரு அளவு வேணாமாப்பா? கல்லறை கட்டணும்னு வந்து நிக்குது அந்த அக்கா. இன்னொரு கடையில காட்டக்கூட விடாம மடக்கிட்டீங்களே!”

“ரூபி, அத இங்க குடு.”

“கீறல் விழுந்தா உங்களுக்கு ஆகாதா? விழட்டும்!”

கோபத்தில் காசை உரைகல்லில் அழுத்தி இழுத்தாள்.

கோடு சிவப்பாக விழுந்தது.

“அப்பா... இது செம்பு! முலாம் பூசின செம்பு. ஏமாத்திட்டாங்கப்பா!”

“சத்தம் போடாத. அத செஞ்சு குடுத்ததே நான்தான்.”

ரூபிகா காசைத் திருப்பிப் பார்த்தாள்.

“போன வருசம் இந்த ஜீவராணிப் புள்ள ஆஸ்பத்திரியில கெடந்தா. மருந்து வெளியில வாங்க வேண்டியதாப் போச்சு, கையில பணமில்ல. ஆபரேசனுக்குக் கழட்டின தாலிய மடியில கட்டிக்கிட்டு அவ புருசன் சின்னத்தம்பி இங்கதான் ஓடி வந்தான். ‘கண்ணு முழிச்சதும் கழுத்தத் தடவிப் பாப்பா மொதலாளி, அதே மாதிரி ஒண்ணு கோத்துக் குடுங்க’ன்னான்.” இரும்புப் பெட்டியைப் பார்த்தார். “அசலு அன்னைக்கே என்கிட்ட வந்துருச்சு.”

வெளியே பஸ் வந்து நின்றது. ஜீவராணி ஏறுவதற்கு முன் கடைப்பக்கம் திரும்பிக் கும்பிட்டாள்.

ரூபிகா துப்பட்டா முனையைத் தண்ணீரில் நனைத்து, கல்லில் இருந்த கோட்டைத் துடைத்தாள்.